விறகு அரைக்கால் பணம், சுமைகூலி மீதிப் பணம்!

"கிலோ ஒம்பது ரூவா தம்பி. அம்பது கிலோவுக்கு நானூத்தி அம்பது. வண்டிக்கு நானூறு."

போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தேன். நான் வாங்குவது விறகையா, வண்டியையா? தங்கச்சி வளைகாப்புக்கு அத்தனை வகைச் சாதத்தையும் மொட்டை மாடியில் விறகடுப்பு மூட்டித்தான் கிண்டுவேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதற்கு ஐம்பது கிலோ காய்ந்த விறகு வேண்டும், அவ்வளவுதான் சமாசாரம். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று பாட்டி சொல்லும்போதெல்லாம், யாரோ வாய்க்கு ருசியாகப் பெருக்கிச் சொன்ன கணக்கு என்றே நினைத்திருந்தேன். அந்தச் சுண்டைக்காய்க் கணக்கு மதுரைக்குக் கிழக்கே, விரகனூர் பக்கம், தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏங்க்கா, கட்டைக்குச் சமமா வண்டிக்குக் கேக்குறீங்களே, இது அடுக்குமா?"

மறுமுனையில் கோபமே இல்லை. "நேர்ல வாங்க தம்பி. ஒரு நாப் பூரா இங்கன உக்காந்து பாருங்க. சாயங்காலம் வண்டிக்கு என்ன போடலாம்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற வெலைக்கே தாரேன்."

ஆஹா! ஒரு கடைக்காரர் தன் கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டுகிறேன் என்கிறார், பத்திரிகைக்காரன் விடுவானா? மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் விறகுக் கடை வாசலில் ஆஜர்.

ஆறரை மணி: டிரைவரின் விலை 210 ரூபாய்

முதலில் வாசனை. பச்சைக் கட்டையின் புளிப்பும் காய்ந்த மரப்பட்டையின் தூசியும் கலந்து மூக்கில் ஏறுகிறது. அப்புறம்தான் கண்ணுக்கு எட்டுகிறது: ஆளுயரத்துக்கு மேல் அட்டி போட்ட விறகு, தெருத் தெருவாக! ஒரு தெரு சவுக்கு, நேராக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல. அடுத்த தெரு சீமைக்கருவேலம், கோணலும் மாணலுமாக, இடைவேளை விட்ட பிள்ளைகள்போல. மூலையில் புளியங்கட்டை, கொஞ்சம் வேப்பங்கட்டை, ஒரு மலை வேர்க்கட்டை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, அதன்மேல் எலெக்ட்ரானிக் தராசின் எண் பெட்டி, கிழிந்த அட்டை போட்ட சிட்டை. நாற்காலியில் அக்கா.

உட்காரக்கூட விடவில்லை. "வாங்க, வாங்க, லோடு வந்துருச்சு" என்று எடைமேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மானாமதுரை பக்கத்திலிருந்து 50 கிலோமீட்டர் ஓடிவந்த லாரி முக்கி முனகி மேடையில் ஏறி நிற்கிறது. முழுசும் சீமைக்கருவேலம். 1870களில் வெள்ளைக்கார வனத்துறை அதிகாரிகள் விதையாகக் கொண்டுவந்து தூவிய வெளியூர் மரம். இன்றைக்கு ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் அது இல்லாத கண்மாய்க் கரை இல்லை. வேரோடு அகற்றுங்கள் என்று 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவே போட்டது. அகற்றுகிறவர்கள் அகற்ற, அது முளைக்கிறபடி முளைக்க, அக்காவின் வாசலுக்கு லாரி வந்தபடி இருக்கிறது.

திரையில் எண் ஓடி நிற்கப் போகும் நேரம், அக்கா ஒரு குரல் விட்டார். "ண்ணே, கீழ எறங்குங்க!"

டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். எனக்குப் புரியவில்லை. இறக்கியபின் காலி வண்டியை மறுபடி எடைபோட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். பாரத்தோடு நிறுக்கும்போது டிரைவர் உள்ளே இருந்து, காலியாக நிறுக்கும்போது டீ குடிக்கப் போய்விட்டால்? எழுபது கிலோ மனிதரும் விறகாகக் கணக்கில் ஏறிவிடுவார். டன் 3,000 ரூபாய் என்றால் அவருடைய விலை 210 ரூபாய்!

இது ஆரம்பப் பாடம்தான். வேர்க்கட்டையில் ஒட்டிய செம்மண்ணுக்கும் விறகு விலை. வழியில் மழை பெய்தால் மழைக்கும் விறகு விலை. ஒருவேளை வானம் தெளிவாக இருந்தும் கட்டை நனைந்திருந்தால்? "யாரோ புண்ணியவான் பைப்பைப் புடிச்சிருக்கான்னு அர்த்தம்" என்கிறார் அக்கா, லாரியின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தபடி. இன்று கை காய்ந்தே வந்தது. எடைச் சீட்டு: பத்து டன்.

மதுரையில் விறகு விற்பது லேசுப்பட்ட தொழில் இல்லை. பாடகர் பாணபத்திரருக்காக, போட்டிக்கு வந்த பாடகன் ஏமநாதனை ஊரைவிட்டு விரட்ட, சொக்கநாதரே விறகுக்கட்டைத் தலையில் சுமந்து இந்த ஊர்த் தெருவில் வந்தார் என்கிறது திருவிளையாடல் புராணம். அவர் வண்டி வாடகை தனி என்று சொன்னதாகத் தெரியவில்லையே என்று அக்காவைச் சீண்டினேன்.

"அவரு சாமி தம்பி. அவருக்கு யாரு டீசல் போடணும்?"

ஒன்பது மணி: இரண்டரை டன் மாயம்

இறக்கிய லோடைச் சுற்றி நான் பெருமையோடு வலம் வருகிறேன். பத்து டன் சரக்கு! ஒன்பது ரூபாய் வீதம் தொண்ணூறாயிரம்! அக்கா கையை உயர்த்தி என் கனவை நிறுத்தினார்.

"பத்து டன்ல ஏழேகால் வித்தாப் பெரிசு."

"மிச்சம்?"

"மேல போயிரும்" என்று வானத்தைக் காட்டினார்.

திருட்டு இல்லை, ஆவி! வெட்டிய பச்சை மரத்தில் நாற்பது பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோவில் அறுபதுதான் கட்டை. இரண்டு மூன்று மாதம் வெயிலும் காற்றும் பட அட்டியில் கிடந்தால் ஈரம் இருபது பங்குக்கு இறங்கும். அப்போது பத்து டன் ஏழரை டன். அதிலும் பட்டை, தூள், செத்தை என்று 300 கிலோ கழியும். காசு கொடுத்து வாங்கிய சரக்கில் கால்வாசி, யாரும் தொடாமலே, பகலில் நம் கண் முன்னால் பறந்துவிடுகிறது. எந்த நகைக்கடைக்காரர் இதைத் தாங்குவார்?

அப்படியென்றால் பச்சையாகவே நிறுத்துத் தள்ளிவிடலாமே? தள்ளலாம், ஒரே ஒரு தடவை. அடுத்த தடவை சமையல் மாஸ்டர் வரமாட்டார். முழுக்கக் காய்ந்த ஒரு கிலோ கட்டையில் ஏறத்தாழ 4,500 கிலோகலோரி சூடு. இருபது பங்கு ஈரத்தோடு இருக்கும் ஒரு கிலோவில் கைக்கு எட்டுவது சுமார் 3,500. நாற்பது பங்கு ஈரம் என்றால் 2,500 தேறினால் உண்டு. எடையில் நாற்பது பங்கு எரியாத தண்ணீர்; அதைக் கொதிக்கவைத்து விரட்டவும் கட்டை தன் சீவனில் கொஞ்சம் விடுகிறது. சாதம் வேகாது, கண்தான் வேகும்.

ஈரம் பார்க்க இங்கே கருவி கிடையாது. கோடாரிப் பெரியவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று மோதினார். 'டங்'. இன்னொரு அட்டியிலிருந்து இரண்டை எடுத்து மோதினார். 'டொப்'. "டங்னா அடுப்புக்கு, டொப்னா அட்டிக்கு" என்று சொல்லிவிட்டு ஆப்பை வைத்து சம்மட்டியால் ஒரே போடு. அடுத்த அரை மணி நேரம் நான் கடையில் இருந்த அத்தனை கட்டையையும் மோதிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். டங், டொப், டங், டங், டொப்! கடைசியில் பெரியவர், "தம்பி, கச்சேரி போதும்" என்றார்.

ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு கட்டை. கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்களுக்குச் சவுக்கு: நேராக நின்று எரியும், புகை கம்மி. பிரியாணிக் கடைக்குச் சீமைக்கருவேலம்: எரிந்து முடிந்தபிறகும் கனல் நிற்கும், அந்தக் கனலை மூடிமேல் அள்ளிப்போட்டுத்தான் தம். அல்வாக் கிண்டுகிறவர் புளியங்கட்டை கேட்பார். முருங்கைக்கட்டை கேட்பவர்? "அப்படி ஒருத்தன் வந்தா அடுப்பையே பாக்காதவன்னு அர்த்தம்."

பதினோரு மணி: ஒன்பது ரூபாயைப் பிளந்தால்

இப்போதுதான் சிட்டை திறந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இது அந்த ஒரு லோடின் கணக்கு, அக்கா சொல்லச் சொல்ல முழு எண்ணாக நான் குறித்துக்கொண்டது. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும்; ஆனால் பங்கு பிரியும் விதத்தைப் பாருங்கள். விற்பனைக்குத் தேறுவது 7,200 கிலோ. ஒரு கிலோவின் ஒன்பது ரூபாய் இப்படிப் பிரிகிறது:

மரத்துக்காக நிலத்துக்காரருக்கு: 1 ரூபாய் 11 காசு
வெட்டுக்கூலி: 1 ரூபாய் 94 காசு
முள்ளுக்காட்டிலிருந்து ரோட்டுக்கு இழுக்கும் டிராக்டர்: 83 காசு
தரகு: 28 காசு
லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்கி அட்டி போடும் கூலி: 1 ரூபாய் 39 காசு
அறுக்க, பிளக்க: 1 ரூபாய் 4 காசு
கடை வாடகை, கரண்ட், வட்டி, வராக்கடன், டீ, அக்கா: 2 ரூபாய் 41 காசு

முதல் வரியை மறுபடி படித்தேன். ஒன்பது ரூபாயில் மரம் என்கிற பொருளுக்குப் போவது ஒரு ரூபாய் சொச்சம்! கால் பணம்கூட இல்லை. எட்டில் ஒன்று, அசல் அரைக்கால் பணம். பழமொழி சொன்ன பாட்டி மிகைப்படுத்தவில்லை. சுண்டைக்காய்க்காரருக்குத் தாராளமாகவே போட்டிருக்கிறாள்.

மீதியெல்லாம் தூக்குகிறவர்கள் கணக்கு. நம்பாவிட்டால் விரலை விடுங்கள். வெட்டிய இடத்தில் குவிக்க ஒரு தூக்கு. குவியலிலிருந்து டிராக்டருக்கு இரண்டு. ரோட்டோரம் தள்ளியதை லாரிக்கு மூன்று. லாரியிலிருந்து தரைக்கு நான்கு. தரையிலிருந்து அட்டிக்கு ஐந்து. அட்டியிலிருந்து ரம்பத்துக்கு ஆறு. ரம்பத்திலிருந்து கோடாரிக்கு ஏழு. பிளந்ததை மறுபடி காயவைக்க எட்டு. காய்ந்ததைத் தராசுக்கு ஒன்பது. தராசிலிருந்து வண்டிக்குப் பத்து. வாடிக்கையாளர் வாசலில் இறக்கப் பதினொன்று. என் பத்து விரலும் தீர்ந்து, பெரியவரின் விரலைக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. ஒரு கட்டை எரிவதற்குப் பதினொரு முதுகு வளைகிறது!

விறகுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது அக்காவுக்கு ஓர் ஆறுதல். "ஆனா ரம்பப் பிளேடுக்கு உண்டு, வண்டி டயருக்கு உண்டு. நான் வசூலிக்க முடியாததை நான் மட்டும் கட்டணும்."

அப்புறம் நான் கேட்கத் துடித்த கேள்வி. ஏன் ஒன்பது? பத்து என்று போர்டு எழுதினால் யார் தடுக்கப் போகிறார்கள்?

அக்கா செல்போனை எடுத்துக் காட்டினார். "இவன் தடுப்பான்." திரையில் வணிகச் சிலிண்டர் விலை! மாதாமாதம் முதல் தேதி காலையில் அக்கா பார்க்கிற முதல் செய்தி அதுதான். ஒரு கிலோ கேஸில் சுமார் 11,000 கிலோகலோரி. சூட்டை மட்டும் பார்த்தால் 19 கிலோ சிலிண்டருக்கு அறுபது கிலோ காய்ந்த விறகு ஈடு. ஆனால் திறந்த அடுப்பில் பெரும்பங்கு சூடு பாத்திரத்தைத் தொடாமலே காற்றோடு போய்விடும். கேஸ் அடுப்பு பாதிக்கு மேல் பாத்திரத்துக்கே கொடுக்கும். அதனால் சமையலுக்கென்று கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு இருநூறு கிலோ விறகுகூடப் போதாமல் போகலாம். ஒன்பதைப் பத்தாக்கினால் அந்த இருநூறு கிலோவில் இருநூறு ரூபாய் ஏறும்; மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டே சிலிண்டரைப் பார்ப்பார். விலைக்குத் தரை மானாமதுரைக் காட்டில் இருக்கிறது, கூரை சிலிண்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் குனிந்து நடப்பதுதான் வியாபாரம்.

அந்த இடுக்கிலும் பருவம் விளையாடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மண்டபம் தூங்கும். புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சியை விட்டுவிடும், பிரியாணிக் கடை ஆர்டர் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் தேவை இருக்கும், ஆனால் அடைமழையில் காட்டுக்குள் டிராக்டர் இறங்காது. தார்ப்பாய்க்குக் கீழே காய்ந்த கட்டை வைத்திருப்பவர் அன்றைக்கு ராஜா. நான் போயிருந்தது ஆவணி. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் போன் அலறிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி: குட்டி யானை ஏறும் காற்று

கடையின் கதாநாயகனை இன்னும் சொல்லவில்லையே! டாடா ஏஸ் வண்டி, நம்மூர்ப் பெயர் குட்டி யானை. 2005இல் சந்தைக்கு வந்தது முதல் மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை நிரப்பியது. அக்காவின் யானைக்கு வயது கூடுதல், ஒரு கண் மங்கல், முக்கால் டன் தாங்கும்.

முக்கால் டன் தாங்கும் என்றால் முக்கால் டன் ஏறும் என்று அர்த்தமில்லை. இது எனக்கு அன்றைய பேரதிசயம். பிளந்த நேர்க்கட்டை என்றால் நெருக்கி அடுக்கி 700 கிலோ அலுங்காமல் போகும். கோணல் மாணலான சுள்ளிக்கட்டை என்றால்? நானூறு கிலோவிலேயே வண்டி மேலே முட்டிவிடும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் அத்தனையும் காற்று! "சுள்ளி வெலை கம்மின்னு கேப்பாங்க. கம்மிதான். ஆனா வண்டில பாதி காத்தத்தான ஏத்திட்டுப் போறேன்? காத்துக்கும் டீசல் குடிக்குதே இது." அதனால் சுள்ளி கேட்டால் கட்டை விலையைக் குறைத்துச் சொல்லி, வண்டி விலையைக் கூட்டிச் சொல்வது வழக்கம்.

இப்போது என் நானூறு ரூபாய்க்கு வருவோம். என் வீடு எட்டுக் கிலோமீட்டர்.

"எட்டுக்கு எம்புட்டு டீசல்?" என்றேன், வக்கீல்போல.

"எட்டில்ல தம்பி, பதினாறு. வண்டி உங்க வீட்டுலயேவா தங்கப் போகுது?"

அடடா, திரும்பும் வழியை மறந்தே போனேன். வாடிக்கையாளர்கள் எல்லாருமே மறக்கிற வழி அது. பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல்: 105 ரூபாய். டிரைவர் சம்பளம் நாளைக்கு 800, நாளைக்கு ஐந்து நடை: ஒரு நடைக்கு 160. டயர், காப்பீடு, தவணை, தேய்மானம்: நடைக்கு 135. கூட்டினால் நானூறு. ஏற்றி இறக்க லோடுமேன் வந்தால் இன்னும் 200, ஆக அறுநூறு.

அதே அறுநூறு ரூபாய் நடையில் 700 கிலோ போனால் கிலோவுக்கு 86 காசு. நூறு கிலோ போனால் கிலோவுக்கு ஆறு ரூபாய். ஐம்பது கிலோவுக்கு லோடுமேன் வேண்டாம், டிரைவரே தூக்கிப் போட்டுவிடுவார் என்று நானூறாகக் குறைத்தும், கிலோவுக்கு எட்டு ரூபாய்! வண்டிக்கு ஐம்பதும் ஒன்றுதான், எழுநூறும் ஒன்றுதான். அதன் ரோட்டில் கிலோ கிடையாது, கிலோமீட்டர்தான் உண்டு.

இன்னொரு ரகசியத்தை டிரைவர் அண்ணன் காதோடு சொன்னார். யானை காலியாகத் திரும்பினால் அக்கா முகம் சுருங்கும். மண்டபத்துக்கு விறகு இறக்கிவிட்டு வரும் வழியில் மரமில்லில் கழிவுக் கட்டையும் பட்டையும் ஏற்றி வரவேண்டும். இல்லையென்றால் தோப்புக்காரர் ஒருவரிடம் தென்னை மட்டை. "வர்ற வழியில கெடைக்கிறதுதான் லாபம் தம்பி, போற வழி வெறும் கடன்."

மூன்று மணி: பேரம் இல்லாத நடை

இத்தனை கலகலப்புக்கு நடுவில் ஒரு போன் வந்தது. அக்கா எழுந்து நின்று பேசினார். "சரிங்க... சரிங்க... எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?" அவ்வளவுதான். விலை பேசவில்லை, முன்பணம் கேட்கவில்லை. ஏற்றி முடித்திருந்த மண்டபத்து லோடைப் பாதி இறக்கச் சொன்னார். பெரியவர் காய்ந்த அட்டியிலிருந்து மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். வண்டி மயானத்துக்குக் கிளம்பியது.

கொஞ்ச நேரம் ரம்பம்கூட ஓடவில்லை.

"அந்த நடைக்கு நாங்க ஏத்திச் சொல்றதும் இல்ல, அவங்க கொறச்சுக் கேக்குறதும் இல்ல. நடுராத்திரி கூப்பிட்டாலும் வண்டி போகணும்" என்றார் அக்கா. மண்டபத்துக்காரரை யார் சமாதானப்படுத்துவது? அவரே போன் போட்டார். காரணத்தைக் கேட்டதும் மறுமுனையில் ஒரு வார்த்தை முனகல் இல்லை. சிட்டையில் அந்த நடைக்கு நேரே தொகை மட்டும் இருந்தது. வண்டி என்கிற கட்டம் வெறுமையாக இருந்தது. நான் பார்த்ததை அக்கா பார்த்தார். சிட்டையை மூடிவிட்டார்.

நான்கு மணி: தீர்ப்பு

"சரி தம்பி, சொல்லுங்க. வண்டிக்கு என்ன போடலாம்?"

காலையில் வக்கீலாக வந்தவன் மாலையில் குற்றவாளிக் கூண்டில் நின்றேன். "நானூறு கம்மிக்கா."

அக்கா சிரித்த சிரிப்பில் சவுக்கு அட்டியில் இருந்த காக்கை பறந்தது. "அறுவது குடுங்க."

"என்னது?"

நேற்று முதல் என்னிடம் மறைத்து வைத்திருந்த சீட்டு அப்போதுதான் வெளியே வந்தது. பெயர் வழிச்சுமை. சுவரில் சாக்பீஸால் ஒரு பட்டியல்: ரோடு வாரியாகச் சின்னச் சின்ன ஆர்டர்கள், இருபது கிலோ, ஐம்பது கிலோ, ஒரு டீக்கடைக்கு எண்பது. இவை வண்டி கேட்காது, காத்திருக்கும். அந்த ரோட்டில் பெரிய ஆர்டர் ஒன்று விழும்போது யானையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போய்விடும். இன்று என் வீட்டைத் தாண்டி ஒரு பிரியாணிக் கடைக்கு 650 கிலோ போகிறது. அதோடு என் ஐம்பது.

"இதை நேத்தே போன்ல சொல்லியிருக்கலாமேக்கா!"

"நீங்கதான் உடனே வேணும்னு சொன்னீங்க. உடனேன்னா நானூறு. எப்ப வந்தாலும் சரின்னா அறுவது. நான் வாங்குறது வண்டிக் காசு இல்ல தம்பி, அவசரக் காசு."

450ம் 60ம் கொடுத்தேன். பெருமிதத்தோடு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு நாள் முழுக்கக் கல்வி கற்று 340 ரூபாய் மிச்சம் பிடித்தவன் நான்! ரிங் ரோட்டில் யானை பிளிற, பின்னால் என் விறகு குலுங்க, ஊர்வலம் வீட்டு வாசலில் நின்றது.

டிரைவர் அண்ணன் என் நான்கு விறகுக் கட்டுகளையும் வாசலில் இறக்கினார். பதினொன்றாவது தூக்கு! அப்புறம் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"எத்தனாவது மாடி?"

"மொட்டை மாடிண்ணே. மூணு ஏத்தம்."

"ஏத்தத்துக்கு அம்பது. நூத்தம்பது ஆகும்."

எட்டுக் கிலோமீட்டருக்கு அறுபது, முப்பது அடிக்கு நூற்றைம்பது! ஆனால் நேற்று போனில் துள்ளிய வாய் இன்று திறக்கவில்லை. எனக்குத்தான் கணக்குத் தெரியுமே. நானே தூக்கிக்கொள்கிறேன் என்றேன். முதல் கட்டில் பாட்டு வந்தது. இரண்டாவதில் மூச்சு வந்தது. மூன்றாவதில், நூற்றைம்பது என்பது கொள்ளைத் தள்ளுபடி என்று புரிந்து கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். யானை தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

நாலாவது கட்டோடு நான் மாடியில் சரிந்தபோது, அம்மா ஏற்கெனவே செங்கல் அடுக்கி அடுப்புக்கூட்டி வைத்திருந்தாள். கட்டிலிருந்து இரண்டை உருவி ஒன்றோடு ஒன்று மோதினாள். 'டங்'. யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

"நல்லாக் காஞ்சிருக்கே. என்ன வெல?"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கற்ற வித்தையைக் காட்டினேன். "கட்டை மட்டும்னா அம்பது கிலோவும் சேத்து அம்பத்தஞ்சு ரூவாம்மா. மிச்சமெல்லாம் அதத் தூக்குனவங்களுக்கு..."

அம்மாவுக்கு முதல் வாக்கியமே போதுமாயிருந்தது.

"அம்பத்தஞ்சு ரூவாயா! அம்புட்டு மலிவா? அப்ப அதிரசத்துக்கும் முறுக்குக்கும் சேத்து இன்னொரு அம்பது கிலோ சொல்லிரு."

நான் படிக்கட்டைப் பார்த்தேன்.